போதை நோயும் மீட்சியும்

(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் போதையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பெற்றோர் பாடுபட்டுப் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளையை ஓராண்டிற்குள் பறித்துக்கொள்ளும் பகை அது. ஆதலின் பேசுகிறேன்.

அபினியின் வழிவந்த ஹெராயின் 1980களில் 'பிரவுன் சுகர்' என்ற பெயரோடு நம் நகரில் புகுந்தது. இன்றோ வலிநீக்கும் மாத்திரைகளே போதைப் பொருளாகிவிட்டன. இவற்றிற்குப் பழகிய உடல், திடீரென நிறுத்தினால் வலியாலும் வயிற்றுப்போக்காலும் உறக்கமின்மையாலும் துடிக்கிறது. ஆகவே இது ஒரு நோய். வெறும் ஒழுக்கக்கேடு அன்று. இந்நோய்க்கு உதவி தேவைப்படுவோர் இந்தியாவில் ஏறத்தாழ 77 லட்சம் பேர் என 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு கூறிற்று.

இதனைச் சேரியின் பழக்கம் என்பார் உளர். பெருந்தொழில் குடும்பத்தில் பிறந்த டி.டி. ரங்கநாதன் 1979இல் குடிநோயால் மறைந்தார். அத்துயரிலிருந்தே அவர் துணைவியார் சாந்தி ரங்கநாதன் 1980இல் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் அது வளர்ந்து நிற்கிறது. நோய்க்குச் சாதியில்லை; செல்வமும் அதற்கு வேலியன்று.

சிகிச்சை நான்கு கால்களில் நிற்க வேண்டும். உடலுக்கு மருத்துவம்: மருத்துவர் மேற்பார்வையில் அளவோடு தரும் புப்ரினார்பின், மெத்தடோன் ஆகியவை வேட்கையைத் தணித்து உயிரிழப்பைக் குறைக்கின்றன. மனத்திற்கு ஆலோசனை. குடும்பத்திற்குத் தெளிவு. நான்காவது, கல்வியும் தொழிலும். அது நம் சங்கத்தின் கடமை. மீண்டவனுக்கு வேலையும் மதிப்பும் இல்லையேல், பழைய கூட்டமே அவனை வரவேற்கும். சில காலம் விட்டவன் மீண்டும் பழைய அளவை எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம் என்பதையும் மறவாதீர்.

சங்கிலியிட்டும் அடித்தும் திருத்துவோம் என்பாரிடம் பிள்ளைகளை ஒப்படைக்காதீர். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14446 என்ற இலவசத் தொலைபேசியை நாடுங்கள். காவல்துறைக்கு அஞ்சி நோயை மறைக்க வேண்டா. போதைப் பழக்கத்திற்கு ஆளானவர் தாமே முன்வந்து அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சிகிச்சையை முடித்தால், பயன்படுத்தியமைக்கும் சிறிதளவு வைத்திருந்தமைக்கும் வழக்கிலிருந்து விலக்களிக்க 1985ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழியுண்டு.

1956 அக்டோபரில் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளுள் மதுவிலக்கும் ஒன்று. விழாதவர்க்கு அவ்வுறுதி அரணாகுக! விழுந்தவர்க்கு நம் கரம் துணையாகுக!