மூன்று தலைமுறைப் பெயர்

(அறநிலைய ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆடி அமாவாசையன்று பிதுர் தர்ப்பணத்துக்கு வந்து அமர்கிறவர்களிடம் குருக்கள் கேட்கும் கேள்வி உங்களுக்குத் தெரியும். தகப்பனார் பெயர் என்ன, பாட்டனார் பெயர் என்ன, பூட்டனார் பெயர் என்ன என்று வரிசையாகக் கேட்பார். தகப்பனார் பெயர் உடனே வரும். பாட்டனார் பெயர் சற்று யோசித்தபின் வரும். மூன்றாவது பெயருக்குத் தம்பி அண்ணன் முகத்தைப் பார்ப்பார், அண்ணன் அத்தை முகத்தைப் பார்ப்பார். அத்தையும் காலமாகி இருந்தால் அந்த இடம் வெறுமையாகவே போய்விடும். குருக்கள் பொதுவாகச் சொல்லிச் சடங்கை நிறைவு செய்து வைப்பார். சடங்கு நிறைவேறிவிடும். ஆனால் நமக்காகக் கடல் கடந்து வந்த அந்த மனிதரின் பெயர் நம் வாயில் வரவில்லையே என்ற குறை மட்டும் நின்றுவிடும்.

இல்லறத்தான் போற்ற வேண்டிய ஐவரை எண்ணிச் சொன்ன திருவள்ளுவர், தென்புலத்தாரைத்தான் முதலில் வைத்தார். தெய்வமே அதற்கு அடுத்துத்தான் வருகிறது. எனவே முன்னோர் பெயரைத் தேடுவது வெறும் பொழுதுபோக்கு ஆகாது. அது நம் கடமைகளில் ஒன்று. அந்தக் கடமையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பிறருக்கு இருக்கும் ஏடுகள்

வடநாட்டில் ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடும்ப ஏடுகளை எழுதிக் காத்து வருகின்றனர். கங்கைக் கரைக்குச் செல்லும் யாத்திரிகர் தம் ஊரைச் சொன்னால், அவர் பாட்டனார் வந்துபோன செய்தியை ஏட்டைப் புரட்டிக் காட்டுவார்கள். நம் தமிழ்நாட்டிலேயே நகரத்தார் பெருமக்களுக்கு அத்தகைய ஒழுங்கு உண்டு. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது கோயில்களில் ஏதேனும் ஒன்றைச் சார்ந்தே ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் இருக்கிறது. திருமணம் ஆனதும் அந்தக் குடும்பம் ஒரு புள்ளியாகக் கோயில் கணக்கில் ஏறுகிறது. அவர்களுக்குக் கோயிலே வம்சாவளி ஏடு.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற சுமார் 1,52,000 பேரின் பெயர், வயது, தகப்பன் பெயர், கிராமம், கப்பல் ஆகியவை பதிவேட்டில் எழுதப்பட்டன. மொரீஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனம் காத்து வரும் பழைய குடியேற்றப் பதிவுகளில் பலருக்குப் புகைப்படமே இருக்கிறது. டிரினிடாட் பிரதமராயிருந்த கமலா பெர்சாத் பிசேசர் 2012இல் பீகார் மாநிலம் பக்சார் மாவட்டத்துப் பேல்பூர் கிராமத்துக்குச் சென்று, தம் பூட்டனார் பிறந்த மண்ணில் நின்றார். ஏறக்குறைய நூற்று இருபது ஆண்டுகளுக்கு முன் கப்பலேறிய ஒருவரின் ஊரை அடையாளம் காண முடிந்ததற்கு, அக்காலத்தில் ஊர்ப்பெயரை எழுதி வைத்த பழக்கமே காரணம்.

நமக்கு ஏன் இல்லை?

மலாயாவுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்தார்கள். அம்முறை 1910இல் முடிவுக்கு வந்தது. ஆனால் நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் கங்காணி முறையில் வந்தவர்கள். தோட்டத்துத் துரை தம்மிடம் வேலை செய்யும் ஒருவரிடம் உத்தரவுச் சீட்டைக் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். அவர் தம் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் ஆள் சேர்த்து, ஆவடி முகாம் வழியாகவோ நாகப்பட்டினம் முகாம் வழியாகவோ கப்பலேற்றி அழைத்து வருவார். 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. ஆள் கணக்கு எழுதப்பட்டது. ஆனால் நேட்டாலில் போல ஒவ்வொருவருக்கும் பெயரும் ஊரும் எழுதிய முழுமையான பதிவேடு ஒரே இடத்தில் நமக்கு இல்லை.

இதனால் மனம் தளர வேண்டியதில்லை. கங்காணி முறையின் இயல்பே நமக்கு ஒரு துப்பைத் தருகிறது. கங்காணி தெரியாத ஊருக்குப் போய் ஆள் பிடிக்கவில்லை. சொந்தக்காரர்களையும் பக்கத்து ஊர்க்காரர்களையும்தான் அழைத்து வந்தார். ஆகவே உங்கள் பாட்டனாரின் ஊர் தெரியாவிட்டாலும், அதே லயத்தில் அவரோடு இருந்த குடும்பங்களில் ஒன்றுக்காவது தெரிந்திருக்கும். தேடல் நம் வீட்டுப் பெட்டியோடு முடிந்துவிடுவதில்லை. பழைய தோட்டத்து அக்கம்பக்கத்தாரிடமும் சென்று கேட்க வேண்டும்.

வாய்ச்சொல்லில் இருக்கும் ஆண்டு

பெரியவர்கள் ஆங்கில ஆண்டு சொல்வதில்லை. ஆனால் அவர்கள் சொல்வதில் ஆண்டு மறைந்திருக்கிறது. "தாத்தா ரஜூலா கப்பலில் வந்தார்" என்று ஒரு பாட்டி சொன்னால், அக்கப்பல் 1926இல்தான் கட்டப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். "கங்காணிதான் கூட்டிவந்தான்" என்றும் சேர்த்துச் சொன்னால், இந்திய அரசாங்கம் 1938இல் அவ்வகைக் குடியேற்றத்தை நிறுத்திவிட்டது. ஆகவே அவர் வந்தது 1926க்கும் 1938க்கும் இடையில். இரண்டு வாக்கியங்களில் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் வந்துவிட்டோம். "அப்பாவுக்குப் பால் மறக்கும் வயதில் ஜப்பான்காரன் வந்தான்" என்றால் அது 1941 இறுதி. "வீட்டுக்கு வீடு ஐ.சி. எழுதிய வருஷம்" என்றால் அடையாள அட்டை தொடங்கிய 1948ஐ ஒட்டிய காலம்.

பழைய ஜாதகம் இருந்தால் அது பெரிய புதையல். பிறந்தவரின் பெயர், தகப்பன் பெயர், நட்சத்திரம், தமிழ் ஆண்டு எல்லாம் அதில் இருக்கும். ஆனால் தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதை மறக்கக் கூடாது. தாது வருஷம் என்று எழுதியிருந்தால் அது பெரும்பஞ்சம் தொடங்கிய 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம், 1996ஆகவும் இருக்கலாம். எந்தத் தாது என்பதைக் குடும்பச் செய்தியோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காகிதங்களைப் படிக்கும் முறை

வீட்டிலுள்ள பழைய பிறப்புப் பத்திரம், இறப்புப் பத்திரம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றை முதலில் ஒரே இடத்தில் சேருங்கள். இல்லாதவற்றுக்குத் தேசியப் பதிவிலாகாவில் பதிவேட்டுப் பிரதி கேட்கலாம். பெயரின் எழுத்தைக் கண்டு ஏமாறக் கூடாது. கிராணி காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். ஒரே தகப்பனின் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பத்திரங்களில் முனியாண்டியின் எழுத்துக்கள் மூன்று விதமாக இருக்கும். கிருஷ்ணன் ஒன்றில் 'கே'யில் தொடங்குவார், இன்னொன்றில் 'சி'யில் தொடங்குவார். ஊரில் பிறந்து இங்கு வந்தவர்களின் பிறந்த தேதி பலருக்குக் குத்துமதிப்பாக எழுதப்பட்டதே. தேதி ஒத்துப்போகவில்லை என்பதற்காக வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள்.

ஊர்ப்பெயர் கிடைத்தால் அதோடு தாலுகா பெயரையும் தேடுங்கள். புதூர் என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்கள் உண்டு. பழைய மாவட்டப் பெயரை இன்றைய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. வட ஆற்காடு 1989இல் பிரிந்தது. 2019இல் வேலூரும் மூன்றானது. தென் ஆற்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என்றாயிற்று. தஞ்சாவூரிலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது. சேலத்திலிருந்து 1965இல் தருமபுரியும் 1997இல் நாமக்கல்லும் பிரிந்தன. திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் கரூரும் பெரம்பலூரும் பிரிந்தன. பத்திரத்தில் சேலம் ஜில்லா என்று இருந்தால், இன்று கிருஷ்ணகிரியிலும் தேட வேண்டியிருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ரயில்வே வேலைக்கும் அரசாங்க எழுத்தர் வேலைக்கும் வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் நிலை சற்று வேறு. அரசாங்க ஊழியர்களின் நியமனமும் ஓய்வும் அரசிதழ்களில் வெளிவந்தன. எஸ். துரைராஜசிங்கம் அவர்கள் 1867 முதல் 1967 வரையிலான நூறு ஆண்டு இலங்கையர் வரலாற்றைத் தொகுத்து நூலாக்கி, பல குடும்பங்களின் செய்தியைக் காத்துக் கொடுத்தார். தோட்டத்துப் பாட்டாளிக்கு அப்படி ஒருவர் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்ததும் எப்போதும் நிலைக்கும் என்பதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக எதையும் வைக்கக் கூடாது என்பதற்கு அதைவிடக் கசப்பான பாடம் வேண்டாம்.

கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள சிலாங்கூர் செயலகக் கோப்புகளும், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் பொறுமையாகத் தேடுவோர்க்குப் பயன்படும். தமிழ் முரசு நாளிதழின் பழைய பக்கங்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் கணினியில் ஏற்றியிருக்கிறது. அதன் மரண அறிவித்தல்களில் பிள்ளைகள், மருமக்கள் பெயர்களைத் தேடலாம்.

குலதெய்வம் சொல்லும் முகவரி

எழுத்து அறியாத நம் முன்னோர் ஒன்றை மட்டும் மறக்காமல் கொண்டுவந்தார்கள். அது குலதெய்வத்தின் பெயர். அங்காளம்மன் என்றோ மதுரைவீரன் என்றோ பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த ஊர் அங்காளம்மன், எந்த ஆற்றங்கரை ஐயனார் என்று கேளுங்கள். முதல் முடி எடுத்ததும் காது குத்தியதும் எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டு என்று கேளுங்கள். மதுரை, இராமநாதபுரம் பக்கங்களில் மகா சிவராத்திரிக்குப் பங்காளிகள் குலதெய்வக் கோயிலில் கூடுவார்கள். ஊரில் வீடு இருந்த சுவடு அழிந்திருக்கலாம். கூலி வேலை செய்தவர்க்குப் பட்டாவிலும் சிட்டாவிலும் பெயர் இருக்காது. ஆனால் சாமி அங்கேயே இருக்கிறது. அந்த நாளில் அங்கே போய் நின்று, "இன்னார் பேரன், மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன்" என்று சொன்னால், கேட்பதற்குப் பங்காளிகள் இருப்பார்கள்.

மறைக்க வேண்டியது எதுவுமில்லை

சிலர் இந்தத் தேடலுக்குத் தயங்குவதை அறிவேன். கூலி என்ற சொல் வருமே, சாதி வருமே என்று கூசுகிறார்கள். வேறு சிலர் வம்சத்தில் ஒரு ஜமீன்தாரைத் தேடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று பால்மரம் சீவிய பாட்டியைவிடப் பெரிய பட்டம் நமக்குத் தேவையில்லை. அந்தப் பாட்டியின் பெயரையும் எழுதுங்கள். ஆண்வழிப் பெயர்களை மட்டும் எழுதிப் பாதி வம்சத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

பெயர் எழுதப்படாததால் நேர்ந்த துன்பம் நம் சமூகத்துக்குப் புதிதல்ல. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழர்கள் இட்டுச் செல்லப்பட்டனர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகளுக்குக் கல் உண்டு, பெயர் உண்டு. காட்டில் மாண்ட நம்மவருக்குத் தனித்தனிக் கல்லறை இல்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, உரிய பத்திரம் இல்லாத ஆயிரக்கணக்கானோர் பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டுக் கப்பலேறினர். அதனால் பிரிந்த அண்ணன் தம்பிகள் உண்டு. இன்றும் பெற்றோரின் பத்திரம் இல்லாததால் பள்ளியிலும் பதிவிலாகாவிலும் அலையும் பிள்ளைகள் உண்டு. இந்திய வம்சாவளியினருக்கான வெளிநாட்டுக் குடியுரிமை அட்டைக்கு விண்ணப்பிப்போரும் மூதாதையர் இந்தியர் என்பதற்குச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே இது செத்தவர்களுக்கு மட்டுமான காரியம் அல்ல.

அறநிலையத்தார்க்கும் அன்பர்களுக்கும் விண்ணப்பம்

முடிவாக மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, திருப்பணிக்காகப் பழைய கோயில்களில் கை வைக்கும்போது உபயதாரர் பெயர் பொறித்த கற்களையும் பலகைகளையும் படம் எடுத்த பிறகே பெயர்த்தெடுங்கள். கிள்ளானிலும் காப்பாரிலும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி வருகின்றன. லயம் போய்விட்ட இடத்தில், இன்ன தோட்டத்து இன்னார் உபயம் என்று சொல்லும் கல் ஒன்றுதான் அந்தக் குடும்பத்துக்குச் சாட்சி. இரண்டாவது, பழைய உபய ரசீதுக் கட்டைகளையும் திருமணப் பதிவுகளையும் கும்பாபிஷேக மலர்களையும் கரையானுக்குக் கொடுக்காமல் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள்.

மூன்றாவது விண்ணப்பம் நன்கொடையாளர்களுக்கு. அன்னதானத்துக்கும் கல்விக்கும் நீங்கள் வாரி வழங்குகிறீர்கள். சிறு தொகையில் வம்சாவளிப் பதிவேடு ஒன்றையும் தொடங்க உதவுங்கள். வரும் ஆடி அமாவாசைக்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளில் மூன்று தலைமுறைப் பெயர்கள், ஊர், குலதெய்வம், இருந்த தோட்டம், வந்த காலம் ஆகியவற்றை எழுதித் தரட்டும். தெரியாத இடத்தை வெறுமையாக விடட்டும். அடுத்த ஆண்டு வேறொரு குடும்பம் எழுதித் தருவதில் அதற்கான விடை இருக்கலாம். எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இந்த வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். அவர்களிடம் கேட்டு எழுத நமக்கு அதிக நாள் இல்லை.