புகழ்ச்சியும் ஊக்கமும்

(ஏற்காட்டில் கூடிய நம் சங்கத்தாரின் மாதக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எனக்குக் குறிக்கப்பெற்ற விஷயம் புகழ்ச்சி என்பது. பிறரைப் புகழ்வதற்கு ஒரு சொற்பொழிவும் வேண்டுமோ என்று சிலர் எண்ணக்கூடும். காசு செலவில்லாத நற்சொல்லை வழங்குவதில் நாம் பெரும் உலோபிகளாயிருக்கிறோம் என்பதும், வழங்குங்காலும் பிழைபட வழங்குகிறோம் என்பதுமே யான் கூற வந்தவை.

ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்றுண்டு. நண்பனை அவன் இல்லாதவிடத்தும், ஆசிரியரை எவ்விடத்தும், மனைவியைத் தனிமையிலும், மக்களை நெஞ்சுக்குள்ளும், வேலையாளை வேலை முடிவிலும் புகழ்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. நம் முன்னோர் பலர் இதனையே குடும்ப நீதியாகக் கைக்கொண்டனர். இவற்றுள் ஈற்றிலுள்ள இரண்டு விதிகளை நம் அனுபவத்தோடு ஒட்டி ஆராய்வோம்.

வேலையாளைப் பற்றிய விதியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இச்சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொணர்ந்தார். அன்று தொட்டு இன்றளவும் காப்பியின் தரத்திற்கு முதற்காரணமாய் இருப்பவை பழம் பறிப்போர் விரல்களே. ஒரே கிளையில் பச்சைக்காயும் செம்பழமும் ஒருங்கே இருக்கும். பழுத்ததை மட்டும் தேர்ந்து பறித்துப் பின்னும் பலமுறை அச்செடிக்கே திரும்பி வருதல் வேண்டும். ஏறக்குறைய 6 கிலோ பழத்திற்கு 1 கிலோ காப்பிக்கொட்டையே தேறும். அதிற் பச்சைக்காய் கலந்துவிட்டாலோ சுவை கெட்டு விலையும் தாழும்.

யான் இளமையில் ஒரு தோட்டத்தில் மேஸ்திரியாயிருந்தேன். மாலையில் எடை போடும்போது, மூட்டை கனத்திருந்தால் "சபாஷ்" என்பேன். இலேசாயிருந்தால் வாய் திறவேன். ஒரு மூதாட்டியார் கொணர்ந்த மூட்டை இலேசாயிருந்தது. ஆனால் அதில் இருந்ததெல்லாம் செம்பழம். யான் அதனை நோக்காது அடுத்த மூட்டையைப் புகழ்ந்தேன். சில நாட்களில் அவ்வம்மையார் மூட்டையும் கனத்தது. கொட்டிப் பார்த்தால் பாதி பச்சைக்காய்! கெட்டது அவர் கையன்று. என் புகழ்ச்சியே அதனைக் கெடுத்தது. தராசுக்குப் பச்சையும் சிவப்பும் தெரியா. அதனைக் காண்பதற்கன்றோ கண்ணுடைய ஒருவனை அங்கே நிறுத்தியது?

அதன்பின் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கை அள்ளிப் பார்த்து, கண்டதையே சொல்லலானேன். "பாட்டி, ஒரு பச்சைக்காய்கூட இல்லையே!" என்ற ஒரு சொல் நூறு சபாஷுக்கு மேலாயிற்று. வேலை முடிவில் புகழ்க என்றதன் பொருள், வேலையைப் பார்த்தபின் புகழ்க என்பதே என்று அன்று உணர்ந்தேன். ஆயினும் ஒன்று: புகழ்ச்சி கூலிக்கு ஈடாகாது. கூலியைக் குறைத்துவிட்டுச் சொல்லை மிகுத்துக் கொடுப்பது வஞ்சகமேயாகும்.

இனி, மக்களை நெஞ்சுக்குள் புகழும் விதி. என் தந்தையார் என்னை ஒருநாளும் புகழ்ந்தவரல்லர். பத்தாம் வகுப்போடு யான் படிப்பை விட்டேன். எனக்குக் கணக்கு வராது என்றே எண்ணியிருந்தேன். அவர் காலமாகிப் பதினாறாம் நாள் காரியத்திற்கு வந்த பெரியவரொருவர், "உன் கணக்கறிவைச் சந்தையெல்லாம் சொல்லி மகிழ்வாரே உன் அப்பா!" என்றார். ஊரெல்லாம் அறிந்த செய்தியை அறியாதிருந்தவன் யான் ஒருவனே.

மக்களைப் புகழ்ந்தால் செருக்கடைவார் என்று நம் பெரியோர் அஞ்சினர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. 1925இல் எலிசபெத் ஹர்லாக் என்னும் அம்மையார் பிள்ளைகளைக் கணக்குப் போடச் செய்து, சிலரைப் புகழ்ந்தும், சிலரைக் கடிந்தும், சிலரைக் கவனியாது விட்டும் சோதித்தார். புகழப்பெற்றவரே மிகுதியும் முன்னேறினர். கவனியாது விடப்பட்டவர் கடியப்பட்டவரினும் பின்தங்கினர். 1998இல் அமெரிக்காவில் மியுல்லர், டுவெக் என்னும் இருவர் இன்னும் நுட்பமான சோதனை செய்தனர். "நீ புத்திசாலி" என்று புகழப்பெற்ற பிள்ளைகளுட் பலர் எளிய புதிர்களையே நாடினர். கடினமானது வந்தபோது சோர்ந்தனர். நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் தம் மதிப்பெண்ணைக் கூட்டியும் சொன்னார்கள். "நன்கு முயன்றாய்" என்று புகழப்பெற்றவரோ கடினமானதை விரும்பி ஏற்று மேலும் தேறினர். ஆகவே நம் முன்னோர் அஞ்சவேண்டியது புகழ்ச்சியையன்று. ஆளைப் புகழும் புகழ்ச்சியையே. பிள்ளையின் செயலைப் புகழ்ந்தால் செருக்குக்கு இடமேது?

ஆதலின் இச்சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெற்றோர்க்கே பரிசு வழங்குகிறோம். அவர்கள் பள்ளியிலும் வீட்டிலும் முன்னமே புகழப்பெற்றவர்கள். தோற்ற பாடத்தில் முயன்று தேறிய பிள்ளைக்கும் ஒரு பரிசு வைப்போம். அதனை வழங்குங்கால், அப்பிள்ளை செய்த முயற்சி இன்னதென்று ஆசிரியரிடம் கேட்டறிந்து, சபையறியச் சொல்லுவோம்.

பெற்றோர்களே! சங்கம் ஆண்டுக்கு ஒருமுறைதான் கூடும் பரிசளிப்பு விழாவில் செய்யக்கூடியதை, நீங்கள் நாள்தோறும் செய்யலாம். இன்றிரவு பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். நன்றாயிருக்கும் ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, அதனை அப்பிள்ளையின் செவி கேட்கச் சொல்லுங்கள். சந்தையில் சொல்லுவதைச் சற்றுப் பிற்பாடு வைத்துக்கொள்ளலாம்.