கேட்கிறவர் யார், பதில் சொல்கிறவர் யார்?



'சர்வதேச வளர்ச்சி' என்று மேல்நாட்டில் ஒரு படிப்பு இருக்கிறது. சசெக்ஸில் 1966இலேயே அதற்கென்று தனி நிறுவனம் வைத்துவிட்டார்கள். வறுமை, நிலம், கூலி, கடன் எல்லாம் அங்கே ஆராய்ச்சி. நமக்கு அது பொழப்பு.

1916ஐ எடுத்துக்கொள்வோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொல்கிறார். தென்னாற்காட்டு இருவேல்பட்டு அதிலொன்று. பிறகும் தலைமுறை தாண்டி ஆய்வாளர்கள் அந்த ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். பயனுள்ள வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் சேரி பதில் சொல்கிற இடம், கேள்வி கேட்கிற இடமல்ல.

அதே 1916, மே 9. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கு. மகார் இளைஞர் ஒருவர் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசிக்கிறார். அம்பேத்கர். பரோடா அரசு மாதம் பதினொன்றரை பவுன் கொடுத்துப் படிக்க அனுப்பியவர். உதவித்தொகை முடிந்ததும் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் திரும்பினார். 1920இல் மறுபடி போய், 1923இல் ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். (ரூபாய் எண்ணிப் பிழைக்கிற எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் தனிப் பிரியம்.)

இப்ப விசயத்துக்கு வர்றேன். நம் பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்க 1954-55 முதல் மத்திய அரசு உதவித்தொகை தருகிறது. 2022இல் சமூகநீதி அமைச்சகம் அதில் ஒரு விதியைச் சேர்த்தது: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு இவற்றுக்குப் பணம் கிடையாது. அதாவது கென்யாவின் நிலத்தை ஆராயலாம், இருவேல்பட்டுச் சேரியின் நிலத்தை ஆராயக் கூடாது. கொலம்பியாவில் வாசித்த அந்தக் கட்டுரை இன்னிக்கு விண்ணப்பமா வந்தா முதல் மேசையிலேயே நின்னுபோகும். அமைச்சகத்துக்குப் பேரு சமூகநீதி!

2025இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில்.

கடன் வாங்கலாமே என்பார்கள். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி ஈட்டுக்குச் சொத்து கேட்கும். சேரியில் பட்டா உள்ள வீடு எத்தனை? பட்டா இருந்தாலும், சேரி மனைக்கு மதிப்புப் போடுகிறவர் பேனா எந்த எண்ணில் நிற்கும் என்பதை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

தலைப்பை மாத்திக் கொடுத்துட்டு, போன பிறகு நம்ம ஆய்வைச் செய்யலாம்னு சிலர் யோசனை சொல்றாங்க. எனக்கு அதில் சம்மதமில்லை. தலைப்பை மறைத்துப் போகிறவர் அங்கேயும் மறைந்தே இருக்க வேண்டிவரும். விதியை எடுக்கச் சொல்லித்தான் கேட்கணும், தெருவிலும் நீதிமன்றத்திலும். அதுவரைக்கும் விண்ணப்பம் போடுறவங்க ஞாயிற்றுக்கிழமை வாங்க. வருமானச் சான்று, செலவுக் கணக்கு எல்லாம் சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம்.