பவர் ஸ்டீயரிங்குக்கு எந்த ஆயில்?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீ கார் சர்வீஸ் துறையிலதானே இருக்கே? எல்லாருக்கும் பயன்படுற மாதிரி ஒரு பத்து நிமிஷம் பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் அண்ணன் பணித்தார். எஞ்சின் ஆயிலைப் பற்றி இந்த அரங்கில் எல்லாருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. பவர் ஸ்டீயரிங் ஆயிலைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதெல்லாம் மெக்கானிக் பாத்துப்பார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆகவே அதையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு நல்ல செய்தி. இன்று வரும் சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஆயிலே கிடையாது. அவற்றில் ஸ்டீயரிங்குக்குக் கை கொடுப்பது மின்சார மோட்டார். 1988-ல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்ற சின்னக் காரில் வந்த ஏற்பாடு அது. அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காரலாம். ஆனால் சர்வீஸ் பில்லில் 'பவர் ஸ்டீயரிங் ஆயில்' என்று ஒரு வரி இருந்தால், "எங்கேப்பா ஊத்தினே?" என்று கட்டாயம் கேளுங்கள்! சில கார்களில் பம்பை மட்டும் மோட்டார் ஓட்டும். அவற்றுக்கு ஆயில் உண்டு.

இனி, ஆயிலில் ஓடும் வண்டிகளுக்கு வருவோம். அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் 1926-லேயே இந்த ஏற்பாட்டைச் செய்து காட்டினார். விற்பனைக்கு வந்த காரில் அது இடம் பிடித்தது 1951-ல், கிரைஸ்லர் இம்பீரியலில்தான். அடிப்படை அன்றும் இன்றும் ஒன்றே. எஞ்சின் பெல்ட் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்ப் ஆயிலை அழுத்தி ஹோஸ் வழியாக அனுப்புகிறது. நாம் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கிறோமோ, அதற்கேற்ப ஒரு வால்வு திறந்து, ரேக்கில் இருக்கும் பிஸ்டனை ஆயில் தள்ளுகிறது. கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2 பார். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது இந்த ஆயிலின் அழுத்தம் 80, 100 பார் என்று ஏறும்.

இத்தனை அழுத்தத்தில் அந்த ஆயில் நான்கு வேலை பார்க்கிறது. பலத்தைக் கடத்துகிறது. பம்ப் தேயாமல் வழவழப்புத் தருகிறது. சூட்டை எடுத்துச் செல்கிறது. ரப்பர் சீல்களைப் பதமாக வைத்திருக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். ஆயிலும் சீலும் கணவன் மனைவி மாதிரி. ஜாதகப் பொருத்தம் பார்த்துச் சேர்த்து வைத்தவர் காரைத் தயாரித்தவர். நடுவில் நாம் ஆளை மாற்றினால், சீல் ஊதிப் போகும். அல்லது சுருங்கி விறைத்துப் போகும். இரண்டுக்கும் முடிவு கசிவுதான்.

"சரி, எந்த ஆயில்தான் போடணும்?" என்பது அடுத்த கேள்வி. பெரிய பிரிவுகள் மூன்று.

ஒன்று, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்காக உருவான ஏ.டி.எஃப். ஆயில். டெக்ஸ்ரான், மெர்கான் என்ற பெயர்கள் இதைச் சேர்ந்தவை. பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். டொயோட்டா இன்னோவாவின் முதல் தலைமுறை கேட்பது டெக்ஸ்ரான் 2 அல்லது 3. ஒரு சங்கதி: டெக்ஸ்ரான் 3-க்கு உரிமம் தருவதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006-ஓடு நிறுத்திவிட்டது. இன்று டப்பாவில் இருக்கும் 'டெக்ஸ்ரான் 3-க்கு ஏற்றது' என்ற வாசகம் ஆயில் கம்பெனி தன் பொறுப்பில் சொல்வது. ஆகவே பெயர் பெற்ற கம்பெனி ஆயிலாகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டு, சி.எச்.எஃப். என்ற செயற்கை ஆயில். ஐரோப்பியக் கார்களில் அதிகம். பச்சை நிறம். கடுங்குளிரிலும் இளகி ஓட வேண்டும் என்று உருவாக்கியது. பி.எம்.டபிள்யூ. கார்களில் சில மாடலின் மூடியில் 'ஏ.டி.எஃப். மட்டும்' என்றிருக்கும், வேறு மாடலில் 'சி.எச்.எஃப். 11 எஸ்' என்றிருக்கும். ஒரே கம்பெனிக்குள்ளேயே இந்த வித்தியாசம் என்றால், கம்பெனி பெயரைச் சொல்லி மட்டும் ஆயில் வாங்க முடியாது என்பது புரியும்.

மூன்று, கம்பெனிகள் தமக்கென்று வைத்திருப்பவை. ஹோண்டாவின் மேனுவல் 'எங்கள் ஆயில் தவிர வேறு எதுவும் கூடாது, ஏ.டி.எஃப். ஊற்றாதீர்கள்' என்றே எச்சரிக்கும். ஹூண்டாயில் பழைய வண்டிகளுக்கு பி.எஸ்.எஃப்.-3, பிறகு வந்தவற்றுக்கு பி.எஸ்.எஃப்.-4.

இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், பரீட்சை இல்லை. டேங்க் மூடியைப் படியுங்கள். டாஷ்போர்டுப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும் மேனுவலைப் படியுங்கள். இரண்டிலும் எழுதியிருக்கும் பெயரும் எண்ணும், டப்பாவின் பின்பக்கத்தில் இருக்கும் பெயரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். விலையோ, முன்பக்கத்தில் இருக்கும் படமோ, 'எல்லா வண்டிக்கும் போடலாம்' என்ற வாக்குறுதியோ இதற்கு ஈடாகாது.

நிறத்தை நம்பலாமா? கூடாது. நிறம் என்பது சாயம். சிவப்பெல்லாம் ஒரே ஆயில் அல்ல. பழசானால் எல்லாமே பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும்.

எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். இரண்டாம் கையாக வாங்கிய ஜெர்மன் கார். பச்சை ஆயில் கேட்கும் வண்டி. லெவல் குறைந்தபோதெல்லாம் போகிற வழியில் கிடைத்த சிவப்பு ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள், மூன்று முறை. எங்களிடம் வரும்போது டேங்கில் இருந்தது சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. பம்ப் முனகிக்கொண்டிருந்தது, ரேக்கின் இரு முனையிலும் ஒழுகல். தேடிப் பார்த்தால், ஆரம்பக் கோளாறு ஒரு ஹோஸ் கிளாம்ப் தளர்ந்தது! சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பம்பும் ரேக்குமாகப் பல ஆயிரத்துக்குப் போய்விட்டது.

இதில் இரண்டு பாடம். இந்த ஆயில் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். ரேக்கின் ரப்பர் உறைக்குள்ளேயே தேங்கி, தரையில் ஒரு சொட்டுக்கூட விழாமல் இருக்கலாம். ஆகவே ஊற்றுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். அடுத்தது, தப்பான ஆயில் ஊற்றியது அப்போதே தெரிந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். டேங்கில் உள்ளதைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஓட்டிவிட்டால் முழுவதும் வடித்து, சரியான ஆயிலால் கழுவி நிரப்ப வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பக்கத்தில் இருக்கும் பிரேக் ஆயில் டேங்கில் டாட் 3, டாட் 4 என்று எழுதியிருக்கும். அவசரத்தில் ஸ்டீயரிங் ஆயிலை அதில் ஊற்றிவிட்டால், பிரேக்கின் ரப்பர்கள் ஊதி, பிரேக்கே பிடிக்காமல் போகலாம். மறுபக்கம், பிரேக் ஆயிலை ஸ்டீயரிங்கில் ஊற்றினால் சீலும் பம்பும் கெடும். "ரெண்டும் ஆயில்தானே" என்பவர் கையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது சுலபம். மாதம் ஒரு முறை வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி லெவலைப் பாருங்கள். சூட்டுக்கு ஒரு கோடு, ஆறியதற்கு ஒரு கோடு என்றிருந்தால் அதன்படி பார்க்க வேண்டும். ஆயிலில் நுரை, திருப்பும்போது முனகல், கருகிய வாடை, இவை மூன்றும் டாக்டரைப் பார்க்கச் சொல்லும் அறிகுறிகள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், ஆயில் கொதித்துவிடும்.

ஆயில் போய்விட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாது, திரும்பும். ஆனால் மெதுவாகப் போகும்போது கல்லைப் புரட்டுவது போல இருக்கும். நம்மில் பலருடைய காரை அறுபது, எழுபது வயதான அப்பாவோ அம்மாவோ கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டுகிறார்கள். நெரிசலான ஒரு திருப்பத்தில் ஸ்டீயரிங் திடீரென்று கனத்தால் அவர்கள் கை தாங்குமா? அந்த நிமிடத்தை வரவிடாமல் தடுப்பதற்கு, மூடியில் இருக்கும் ஒரு வரியைப் படிப்பது பெரிய சிரமம் அல்ல.

கூட்டம் முடிந்து வண்டியை எடுக்கும்போது, ஒரு நிமிடம் பானட்டைத் திறந்து அந்த வரியைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். சாப்பாட்டுப் பந்தியில்தான் இருப்பேன்.