வாழ வந்த ஊரைப் பார்த்த ஒரு நாள்

பிழைப்பை நாடி வந்த ஊரை நாம் பெரும்பாலும் கண் திறந்து பார்ப்பதில்லை. அலுவலகத்திற்குப் போகும் வழியும், கடைத்தெருவும், சொந்த ஊருக்கு வண்டியேறும் நிலையமும் தெரிந்தால் போதுமென்று இருந்துவிடுகிறோம். கொல்கத்தாவில் நெடுநாளாக வாழும் தமிழ் நண்பர் இருவரும், வங்காள நண்பர் ஒருவரும், நானும் சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஊர் பார்ப்பதற்கென்றே ஒதுக்கினோம். அந்நகரிலேயே பிறந்து வளர்ந்த, நண்பர் ஒருவரின் பதினான்கு வயது மகனும் உடன் வந்தான்.

தென்னிந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் லேக் மார்க்கெட்டில் இட்டிலியும் காப்பியும் முடித்துக்கொண்டு, காளிகாட்டில் பாதாள ரயில் ஏறினோம். நம் நாட்டில் முதன்முதல், 1984-ல், பாதாள ரயில் ஓடியது இந்நகரில்தான். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, பழைய பௌபஜார் தெருவில் 210-ஆம் எண்ணைத் தேடினோம். அங்கே இப்போது இருப்பது கோயங்கா வணிகக் கல்லூரி. ஒரு காலத்தில் அவ்விடத்தில் இருந்தது, மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய விஞ்ஞானக் கழகம்.

திருவானைக்காவில் பிறந்த சி. வி. ராமன், 1907-ல் கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. டிராம் வண்டியில் போகையில் கழகத்தின் பெயர்ப் பலகையைக் கண்டு இறங்கினாராம். அன்று முதல் அலுவலுக்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சிக்கூடமே அவருக்கு வீடாயிற்று. 1917-ல் நல்ல ஊதியமுள்ள உத்தியோகத்தைத் துறந்து பேராசிரியரானார். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் துணை நிற்க, 1928 பிப்ரவரி 28 அன்று, பின்னர் 'ராமன் விளைவு' எனப் பெயர்பெற்ற ஒளிச் சிதறலைக் கண்டார். 1930-ல் நோபல் பரிசு வந்தது.

"ராமன் எங்கள் ஊர்க்காரர்" என்றார் வங்காள நண்பர். "அல்ல, எங்கள் ஊர்க்காரர்" என்றோம் நாங்கள். பையன் தந்தையைப் பார்த்து, "அப்படியானால் நான் எந்த ஊர்க்காரன், அப்பா?" என்று கேட்டான். எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

பிற்பகலில் ஜோராசாங்கோ சென்றோம். தாகூர் 1861-ல் பிறந்ததும், 1941-ல் மறைந்ததும் அந்த ஒரே மாளிகையில். அங்கே ஜப்பானோடும் சீனத்தோடும் அவருக்கிருந்த உறவைக் காட்டும் கூடங்களும் உள்ளன. பிறந்த வீட்டிலேயே கண்மூடியவர் உலகத்தையே சுற்றி வந்தார்! மாலையில், ஆற்றின் நடுவே ஒரு தூணுமின்றி 1943-ல் திறக்கப்பட்ட ஹௌரா பாலத்தின்மேல் நடந்தோம். அங்கேதான் தந்தை மகனுக்கு விடை சொன்னார்: "தமிழ் உனக்குத் தாய்வழி வந்த சொத்து. இந்த ஊர் உன்னை வளர்த்த மண். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிடாதே."

அன்பர்களே, நீங்கள் பம்பாயிலோ, தில்லியிலோ, நாகபுரியிலோ இருக்கலாம். அவ்வூரிலும் நம்மவர் காலடி பதிந்த தெரு ஒன்று இருக்கக்கூடும். ஒரு விடுமுறை நாளில் அவ்வூர் நண்பர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் கூட்டிச் செல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல அந்த நாள் உதவும்.