ஒரு மிடறு நீர்

ஒரு மிடறு நீர் அருந்துதல் மிக எளிய செயல் என்றே எவரும் கருதுவர். ஆயினும் உணவுக்குழாயின் வாயும் மூச்சுக்குழலின் வாயும் தொண்டையில் அடுத்தடுத்தே அமைந்துள்ளன. விழுங்குங் கணத்தில் மூச்சு நிற்கவேண்டும், குரல்வளை மேலெழுந்து மூடவேண்டும், உணவுவழி திறக்கவேண்டும். இவ்வொழுங்கை நடத்துவது மூளைத்தண்டின் அடிப்பகுதியாகிய முகுளம்.

முகுளத்தின் பக்கத்திற்குக் குருதி கொண்டுசெல்லும் நாடி அடைபடின் ஒருவகைப் பாரிசவாதம் உண்டாகும். அதில் கைகால்கள் பெரும்பாலும் வலிமை குன்றா, அறிவும் மங்காது. தலைசுற்றல், கரகரத்த குரல், நீங்காத விக்கல், விழுங்க இயலாமை என்பனவே அதன் குறிகள். ஜெனீவா நகர வைத்தியர் வியூசோ 1808ஆம் ஆண்டில் இந்நோய்க்குத் தாமே ஆளாகித் தம் துன்பத்தை விவரித்தார். வாலன்பேர்க் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1895இல் ஒரு நோயாளியை ஆராய்ந்து, கேடுற்ற இடம் இன்னதெனக் கணித்தார். 1901இல் அவர் வெளியிட்ட சவப்பரிசோதனை முடிவு அக்கணிப்பை மெய்ப்பித்தது.

யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒருவர் மயங்கிச் சாய்ந்தால் முதலில் ஓடிவருவது தண்ணீர்ச் செம்பு. அன்பினால் ஊற்றும் அந்நீரே சுவாசப்பையை அடைந்து நியூமோனியாவை விளைவிக்கலாம். இருமல் எழவில்லையே என ஆறுதல் கொள்ளவும் இயலாது. உணர்விழந்த தொண்டை இருமாமலே நீரை உள்ளே விட்டுவிடும். நெடுந்தீவிலிருந்து கடல் கடந்து குறிகட்டுவான் சேர்ந்து, பின்னர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வரவேண்டிய நோயாளிக்கு வழியில் நா வறளுதல் இயல்பே. ஈரத்துணியால் உதட்டை நனைக்கலாம். வாயினுள் எதனையும், மருந்தையுங்கூட, இடலாகாது.

விழுங்கும் ஆற்றலைச் சோதித்த பின்னரே வைத்தியர் உணவுக்கு இசைவளிப்பர். அதுவரை மூக்குவழிக் குழாய் உணவூட்டும். நீர் விரைந்தோடுவது, தடித்த கஞ்சியோ மெல்ல நகர்வது. ஆகவே சிலருக்கு நீரினுங் கஞ்சியே பாதுகாப்பாகும். ஆனால் ஒடியற்கூழ் அத்தகையதன்று. மீனும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் மிதக்கும் அக்கூழில் நீரும் கட்டியும் கலந்துள்ளன. தளர்ந்த தொண்டைக்கு அக்கலப்பே பேரிடர். நிமிர்ந்திருந்து உண்ணல், சிறு கரண்டியளவு கொள்ளல், வாயைத் தூய்மையாகப் பேணல் ஆகியவை இன்றியமையாதன. தளர்ந்த பக்கமாகத் தலையைத் திருப்பி விழுங்குதலும் சிலருக்கு உதவும்.

பலர் வாரங்களிலோ மாதங்களிலோ இவ்வாற்றலை மீளப்பெறுகின்றனர். அந்நாள் வருமளவும் செம்பைச் சற்றே தள்ளிவைத்துப் பொறுத்திருத்தலே சுற்றத்தார் செய்யத்தக்க பேருதவி.