தப்பும் கிதாரும்

காப்பார் வட்டாரத் தோட்டங்களில் யாராவது கண்மூடினால் தப்பு முழங்கும். பெண்கள் கூடி ஒப்பாரி வைப்பார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பலர் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பின்னும் அந்த ஓசை நமக்கு அந்நியமாகிவிடவில்லை. ஆனால் அதைக் கலை என்று நாம் சொல்லிக்கொண்டதில்லை.

சென்னையில் அத்தகைய ஓசையை மேடையேற்றிய ஒரு குழுவைப் பற்றி இன்று பேசுவோம். பெயர் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. சாதியற்றோர் கூட்டு என்று பொருள் கொள்ளலாம். அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்த பெயர். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் திரட்டிய இக்குழு, 2018 ஜனவரி 6-ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாகப் பாடியது. கானா பாடுவோர், சொல்லிசைக்காரர், பறை, சட்டி, கிதார், டிரம்ஸ் என்று 19 பேர். அவ்வாண்டே ‘மகிழ்ச்சி’ என்னும் இசைத்தொகுப்பு வெளிவந்தது.

ஏடுகள் அதை அரசியல் இசை என்று எழுதின. இட ஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சியையும் பாடுகிற குழுவை வேறெப்படி எழுதுவார்கள்? ஆனால் நம் காதுக்கு அதன் பலம் வேறிடத்தில் இருக்கிறது. சாவு வீட்டுச் சட்டி தாளத்தை நடத்துகிறது. மின்கிதார் அதன் பின்னே வருகிறது. மேல்நாட்டுக் கருவி விருந்தாளிதான், வீட்டுக்காரர் அல்ல. ஆண்களே பெரும்பாலும் பாடிவந்த கானாவைப் பாடிய இக்குழுவின் இசைவாணியை, 2020-இல் பி.பி.சி. தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது.

இக்குழுவில் பாடியவர்தான் அறிவு. அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். அந்தப் பாட்டியின் கதையிலிருந்து அறிவு எழுதி, தீயுடன் சேர்ந்து பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வெளியாகி உலகெங்கும் பரவியது. நம் வீட்டுப் பிள்ளைகளும் பாடினார்கள்.

பாராட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும், ஷான் வின்சென்ட் டி பால் என்ற மற்றொரு பாடகரும் இருந்தார்கள், அறிவு இல்லை. இரஞ்சித் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். கண்டனம் வலுத்த பிறகு, அறிவின் படத்தோடு இணையத்தில் தனி அட்டை வந்தது.

நேயர்களே, நம் பாட்டிமார் சிலர் இன்னும் ஒப்பாரியும் தாலாட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்யும் பிள்ளைகள், பாட்டு தொடங்குமுன் அவர் பெயரையும், வேலை செய்த தோட்டத்தின் பெயரையும், ஆண்டையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதியுங்கள்.